கொண்டை இல்லாத கோக்கெட் ரீங்காரச்சிட்டு: ட்ரினிடாடில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

நீலவால்:
ட்ரினிடாடின் ஆசா ரைட் இயற்கை மையத்து வராந்தா. எல்லோரும் சர்க்கரைத் தண்ணீர்க் குப்பிகளை மொய்த்த ஜாகொபின் ரீங்காரச்சிட்டுகளைப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். கீழே ஊதாப் பூச்செடியில் பழுப்பாக ஒரு குட்டி உருவம். கொண்டை கிடையாது, கன்னத்து விசிறியும் கிடையாது. வழிகாட்டி “கோக்கெட், பெண்” என்று சொல்லிவிட்டு வேறு பறவைக்குத் தாவிவிட்டார். அது முதுகைத் திருப்பியபோது வாலுக்கு மேலே வெளிறிய பட்டை ஒன்று குறுக்கே ஓடியது. அந்தக் கணம் கண்ணைவிட்டுப் போகவில்லை. ஒருவேளை ரூபி டோபாஸ் என்ற இன்னொரு ரீங்காரச்சிட்டின் பெண்ணாக இருந்திருக்குமோ?

கரைக்கொக்கு:
பட்டையைப் பார்த்தீர்கள் அல்லவா, சந்தேகமே வேண்டாம், கோக்கெட்தான். ரூபி டோபாஸ் பெண்ணுக்கு அந்தப் பட்டை கிடையாது. வயிறும் வெளிறிய சாம்பல். கோக்கெட் பெண்ணுக்குத் தொண்டையிலிருந்தே செம்பழுப்பு. நான் மராக்காஸ் பள்ளத்தாக்கில் ஆண் கோக்கெட்டைப் பார்த்தேன். சிவந்த அலகு, நுனி மட்டும் கறுப்பு. என் பக்கம் தலையைத் திருப்பியதும் கன்னத்து இறகுகள் விரிந்தன. ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு பச்சைப் பொட்டு. மூச்சு விடவும் மறந்து நின்றேன்.

தும்பைப்பூ:
கரைக்கொக்கு சொல்வதை முழுதாக ஏற்க மாட்டேன். நிழலில் பட்டையும் தெரியாது, செம்பழுப்பும் தெரியாது. எனக்கு முதலில் கேட்டது வண்டின் இரைச்சல்தான். பறவை என்று தெரிவதற்குள் ஒரு ஜாகொபின் வந்து அதை விரட்டிவிட்டது. அந்த ஆற்றாமை இன்னும் இருக்கிறது.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: குப்பிகளை விட்டுவிடுங்கள், கோக்கெட் அங்கே வருவது அபூர்வம். வெர்வெய்ன் புதருக்கு முன்னால் நில்லுங்கள். நம் ஊர் சீமை நாயுருவியின் இனம்தான், அதே கதிர், அதே குட்டிப் பூக்கள். நிறத்தைத் தேடாமல் பறக்கும் விதத்தைக் கவனியுங்கள். மற்றவை விர்ரென்று வந்து விர்ரென்று போகும். இது நிதானமாக, ஒரு பூவிலிருந்து அடுத்த பூவுக்கு மிதந்து போகும். பெரிய சிட்டுகளின் எல்லைக்குள் அது நுழைந்து தேன் குடிப்பதே பூச்சிபோல மெல்லப் பறக்கும் அந்தத் தந்திரத்தால்தான். உடல் மொத்தமே ஆறரை செ.மீ. சொச்சம், எடை இரண்டு கிராமுக்குச் சற்று மேல். பருந்து அந்துப்பூச்சியோ என்று குழம்பினால் தலையைப் பாருங்கள்: உணர்கொம்பு இருந்தால் பூச்சி. கேமராவை வேக ஷட்டரில் வைத்து, ஒரே பூங்கதிரில் குவியத்தைப் பூட்டிக் காத்திருங்கள். அதைத் துரத்திக்கொண்டு லென்ஸைத் திருப்பாதீர்கள்.

நீலவால்:
மிதந்துதான் போனது! நின்று நின்று, ஒவ்வொரு பூவாக. இருவருக்கும் நன்றி, பட்டியலில் எழுதிவிடுகிறேன். தும்பைப்பூ, வெர்வெய்ன் வராந்தாவிலிருந்து எந்தப் பக்கம் அதிகம் என்று சொல்ல முடியுமா?