அமெரிக்கால மீத்தேன் லிமிட்டை எதுக்கு தளர்த்துறாங்க?

கேள்வி:
எண்ணெய், கேஸ் கிணறுகள்ல இருந்து வெளிய போற மீத்தேனை கட்டுப்படுத்த 2023 டிசம்பர்ல அமெரிக்காவோட சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு ஈபிஏ கடுமையா ஒரு விதி கொண்டு வந்தாங்கல்ல, 2025ல அதோட பல கெடுவை தள்ளி வச்சுட்டாங்க. செலவு கட்டுப்படியாகாதுன்னு கம்பெனிகாரங்க சொல்றாங்க. எனக்கு ஒண்ணுதான் புரியல, மீத்தேன்னா அவங்க விக்கிற சரக்கு தானே, லீக் ஆனா நஷ்டம் அவங்களுக்குத்தானே, அப்புறம் ஏன் சட்டம் போட்டு அடைக்க சொல்ல வேண்டியிருக்கு?

பதில் 1:
டெக்சாஸ், நியூ மெக்சிகோல இருக்கிற பெர்மியன் எண்ணெய் வயல் பகுதிய பாருங்க, புரிஞ்சிடும். அங்க காசு எண்ணெய்ல தான், கேஸ் கூடவே ஏறி வர்றது. அதை எடுத்துட்டு போக பைப்லைன் பத்தாம 2024ல அங்க கேஸ் விலை பல நாள் பூஜ்யத்துக்கும் கீழ போயிடுச்சு, அதாவது எடுத்துட்டு போறவனுக்கு காசு குடுக்கணும். அப்ப எவன் லீக்கை தேடுவான்? கொளுத்தி விடுவாங்க, அந்த தீ (ஃபிளேர்) அணைஞ்சு போச்சுன்னா கேஸ் அப்படியே காத்துல கலக்கும். அதுவும் இல்லாம வால்வை திறந்து மூடுற பழைய நியூமேட்டிக் கன்ட்ரோலர் எல்லாம் கேஸ் பிரஷர்ல தான் ஓடும், ஒவ்வொரு தடவை வேலை செய்யும்போதும் கொஞ்சம் மீத்தேனை வெளிய விடும். ரிப்பேர் ஆகி லீக் ஆகல, டிசைனே அப்படி. சட்டம் இல்லாம அதை யாரும் மாத்த மாட்டாங்க.

பதில் 2:
பெரிய கம்பெனி சமாளிச்சுக்கும் சார், சின்ன கிணறு வச்சிருக்கவங்க என்ன பண்ணுவாங்க?

பதில் 3:
கஷ்டம் தான், இல்லைன்னு சொல்லல. ஆனா 2022ல வந்த ஒரு ஆய்வு என்ன சொல்லுதுன்னா, குறைவா உற்பத்தி பண்ற கிணறுகள் நாட்டோட மொத்த எண்ணெய், கேஸ்ல 6 சதவீதம் கிட்ட தான் தருது, கிணத்தடில இருந்து வர்ற மீத்தேன்ல மட்டும் ஏறக்குறைய பாதி அதுங்களோடது. அதை விட்டுட்டா விதியே ஓட்டை தான். 20 வருஷ கணக்குல பாத்தா மீத்தேன் கார்பன் டை ஆக்சைடை விட 80 மடங்குக்கு மேல சூடாக்கும், ஆனா சுமார் 12 வருஷத்துல சிதைஞ்சிடும், அதனால இப்ப அடைச்சா நம்ம காலத்துலயே பலன் தெரியும். கூடவே பென்சீன் மாதிரி விஷமும் வெளிய வருது, பக்கத்துல குடியிருக்கிறவங்க அதைத்தான் சுவாசிக்கிறாங்க, எனக்கு ஆத்திரமே அதுல தான்.

கேள்வி கேட்டவர்:
அப்ப இனிமே ஒண்ணும் பண்ண முடியாதா?

பதில் 1:
முடியும். 2020லயும் டிரம்ப் அரசு தளர்த்துச்சு, எக்ஸான், ஷெல், பிபி எல்லாம் மத்திய அரசோட மீத்தேன் கட்டுப்பாடு வேணும்னு சொல்லியும் கேக்கல. 2021ல அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஓட்டு போட்டு அந்த தளர்வை ரத்து பண்ணுச்சு, மேல்சபையான செனட்ல டிரம்ப்போட ரிபப்ளிகன் கட்சிக்காரங்க மூணு பேரும் சேர்ந்து ஓட்டு போட்டாங்க. கொலராடோ மாநிலம் 2014லயே சொந்தமா விதி போட்டுச்சு. இப்ப பழைய கிணறுகள்ல மீத்தேனை எப்படி குறைப்போம்னு மாநிலங்கள் ஈபிஏகிட்ட பிளான் குடுக்கணும், அதுக்கு கெடுவை 2027 ஜனவரிக்கு தள்ளியிருக்காங்க. பிளான் போடும்போது பொதுமக்கள் கருத்து கேக்கணும்னு இருக்கு, அங்க இருக்கிறவங்க அதை விட்டுடாதீங்க, போய் பேசுங்க, எழுதியும் குடுங்க.