பென்டெஸ்ட்டுக்கு அனுமதிக் கடிதம் மட்டும் போதுமா?

மூன்றாம்மாடி:
அடுத்த மாதம் எங்கள் அலுவலகத்தில் பென்டெஸ்ட், அதாவது ஆளை அமர்த்தி, திருடன் மாதிரி நுழைய வைத்துப் பாதுகாப்பைச் சோதிப்பது. சர்வரோடு நிற்காமல், ராத்திரி கட்டடத்துக்குள்ளும் நுழைந்து பார்க்கச் சொல்கிறார் மேலாளர். இடம் வாடகைதான். இயக்குநரின் கடிதம் போதாதா?

பூட்டுக்காரன்:
போதாது சார். 2019 செப்டம்பரில் அமெரிக்காவின் அயோவாவில் மாநில நீதித்துறையே இந்த மாதிரிச் சோதனைக்குக் கோல்ஃபயர் நிறுவனத்தை அமர்த்தியது. அதன் ஆட்கள் இருவர் நள்ளிரவில் டல்லஸ் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) நீதிமன்றத்துக்குள் நுழைந்தார்கள். அலாரம் அடித்து போலீஸ் வந்தது. கடிதத்தைக் காட்டினார்கள், போன் போட்டுச் சரிபார்த்தும் ஆயிற்று. அப்புறம் வந்த கவுண்டி போலீஸ் தலைவர் ஷெரிஃப், கட்டடம் கவுண்டியுடையது, அனுமதி கொடுக்க மாநிலம் யார் என்று உள்ளே தள்ளிவிட்டார். ஆளுக்கு 50,000 டாலர் ஜாமீன்! 2020 ஜனவரியில்தான் வழக்கைக் கைவிட்டார்கள். கட்டட உரிமையாளரிடமும் எழுதி வாங்குங்கள்.

மூன்றாம்மாடி:
அவரிடம் சொன்னால் வாட்ச்மேன் காதுக்குப் போய்விடுமே?

பூட்டுக்காரன்:
தேதியைச் சொல்லாதீர்கள், இந்த இரண்டு வாரத்துக்குள் என்று மட்டும் எழுதுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கும் போனை எடுக்கிற இருவரின் எண் கடிதத்தில் இருக்கட்டும். மேலாளர் தூங்கினால் எழ மாட்டார் என்றால் அவர் எண் வேண்டாம்.

பகல்ஷிஃப்ட்:
சர்வர் அமேசான் கிளவுடிலா? சில சேவைகளுக்கு முன்அனுமதி கேட்பதில்லை. டிடாஸ் (ஒரே நேரத்தில் ஏராளமான கோரிக்கைகளை அனுப்பி சர்வரை முடக்குவது) சோதனைக்கு மட்டும் தனி விதி, பார்த்துக்கொள்ளுங்கள்.