சீனாவின் சிப் தயாரிப்புத் திறனை அமெரிக்கா வெளியிலிருந்து எப்படி அளக்கிறது?

கேள்வி: வேஃபர்வாசி

2022 அக்டோபர் 7 அன்று அமெரிக்க வணிகத் துறையின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பிரிவான பிஐஎஸ், சீனாவுக்குச் சிப் தயாரிப்புக் கருவிகள் போவதைக் கட்டுப்படுத்திப் போட்ட விதிகளில் எல்லை தெளிவாக இருந்தது: லாஜிக்கில் (கணக்கிடும் சிப்) 16/14 நானோமீட்டரும் அதற்குக் கீழும், டிராமில் (தற்காலிக நினைவகம்) 18 நானோமீட்டரும் அதற்குக் கீழும், நேண்டில் (சேமிப்பு நினைவகம்) 128 அடுக்கும் அதற்கு மேலும். ஒரு சீன ஃபேப் (சிப் தொழிற்சாலை) இந்த எல்லையைத் தாண்டிவிட்டதா என்பது உள்ளே கால் வைக்காமல் எப்படித் தெரியும்? சீன சுங்கத் தரவில் 8486 குறியீட்டு (சிப் தயாரிப்புக் கருவிகள்) இறக்குமதி 2023 பிற்பாதியில் எகிறியது. அதை வைத்து உற்பத்தித் திறனைக் கணக்கிடலாமா?

பதில்: கிளீன்ரூம்

நேரடியாக அப்படிக் கணக்கிட்டால் தவறாகிவிடும். நீங்கள் சொல்லும் எகிறலுக்குப் பெரிய காரணம் முன்கூட்டியே வாங்கிக் குவித்தது. ஜப்பானின் கட்டுப்பாடு 2023 ஜூலையிலும் நெதர்லாந்தின் உரிம விதி செப்டம்பரிலும் அமலுக்கு வந்தன. கதவு மூடுவதற்குள் எடுத்துக்கொள்ளலாம் என்று வாங்கிய கருவி, பெட்டி பிரிக்காமலேயே பல மாதம் கிடக்கலாம்.

மொத்தத் தொகையை விட்டுவிட்டு சிப் செய்யும் இயந்திரங்களுக்கான 8486.20ஐ மட்டும் எடுங்கள். அதிலும், சிலிக்கான் தட்டான வேஃபரில் ஒளியால் சுற்று வரையும் லித்தோகிராஃபிக்கான உட்குறியீட்டை நாடுவாரியாக, மாதவாரியாகப் பிரியுங்கள். மதிப்பை எண்ணிக்கையால் வகுத்தால் சராசரி விலை கிடைக்கும். லென்சுக்கும் வேஃபருக்கும் நடுவே நீர் வைக்கும் இமெர்ஷன் கருவி, நீர் இல்லாத உலர் கருவியைவிடப் பல மடங்கு விலை. ஆகவே சராசரி திடீரென்று ஏறினால் என்ன வந்திறங்கியது என்று ஊகிக்கலாம்.

பலரும் சறுக்கும் இடம் 'பிறப்பிட நாடு' என்ற பத்தி. அமெரிக்கக் கருவி நிறுவனங்கள் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் தயாரிக்கின்றன. அமெரிக்கா என்ற வரியை மட்டும் பார்த்தால் அந்தக் கருவிகள் கணக்கில் வராது. உதிரிபாகங்கள் வரும் 8486.90ஐயும் விடாதீர்கள். நிறுவிய கருவி உண்மையில் ஓடுகிறதா என்பதை அதுதான் காட்டிக்கொடுக்கும்.

பதில்: குறுக்குவெட்டு

எல்லையைத் தாண்டியதற்கு மறுக்க முடியாத சாட்சி கடையில் விற்கும் சிப்தான். 2023 ஆகஸ்ட் இறுதியில் ஹுவாவே மேட் 60 ப்ரோ வந்தது. கனடாவின் சிப் ஆய்வு நிறுவனமான டெக்இன்சைட்ஸ் அதைப் பிரித்து, அதிலிருந்த கிரின் 9000எஸ் சிப், சீன ஃபேப் நிறுவனமான எஸ்எம்ஐசியின் 7 நானோமீட்டர் என்+2 முறையில் செய்தது என்று கண்டது.

வேலை இப்படி நடக்கும். பேக்கேஜை (சிப்பின் வெளியுறையை) அமிலத்தில் கரைத்து, உள்ளிருக்கும் சிலிக்கான் துண்டான டையை வெளியே எடுப்பார்கள். அயனிக் கற்றையால் குறுக்கே வெட்டி, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கேட் பிட்ச், ஃபின் பிட்ச், உலோகப் பிட்ச் மூன்றையும் (டிரான்சிஸ்டரின் கேட், ஃபின், இணைக்கும் உலோகக் கோடு ஆகியவை அடுத்தடுத்து அமையும் இடைவெளி) அளப்பார்கள். '7 நானோமீட்டர்' என்பது விற்பனைப் பெயர். இந்தப் பிட்ச் எதுவும் அந்த எண்ணில் இருக்காது. தைவானின் டிஎஸ்எம்சியின் 16 நானோமீட்டரில் கேட் பிட்ச் 90, உலோகப் பிட்ச் 64 நானோமீட்டர். அதே நிறுவனத்தின் 7 நானோமீட்டரில் 57, 40. புதிய சிப்பின் அளவு எந்தப் பக்கம் ஒட்டுகிறது என்பதே கேள்வி. 193 நானோமீட்டர் ஒளியில் இமெர்ஷன் கருவி ஒரே எக்ஸ்போஷரில் (ஒரு முறை ஒளி பாய்ச்சுவதில்) 76–80 நானோமீட்டர் பிட்ச் வரைதான் போகும். அதைவிட நெருக்கமான கோடுகள் தெரிந்தால், இயூவி (இன்னும் குறுகிய அலைநீள ஒளிக் கருவி) இல்லாத இடத்தில் அது மல்டிபேட்டர்னிங், அதாவது பல முறை ஒளி பாய்ச்சி வரைந்தது.

டை யாருடையது, எப்போது செய்தது என்றும் பாருங்கள். ஹுவாவே மடிக்கணினி ஒன்றில் இருந்த கிரின் 9006சி 5 நானோமீட்டர் என்றதும் எஸ்எம்ஐசி பாய்ந்துவிட்டது என்று பேச்சு கிளம்பியது. பிரித்துப் பார்த்தால் அது டிஎஸ்எம்சி செய்தது. 2020 மூன்றாம் காலாண்டு வாக்கில் பேக்கேஜ் ஆனது. டிஎஸ்எம்சி ஹுவாவேக்கு சிப் செய்துதர அமெரிக்கா போட்ட தடைக்கு முன் வாங்கிய பழைய இருப்பு!

கேள்வி: வேஃபர்வாசி

அப்படியென்றால் யீல்டு, அதாவது செய்ததில் நல்ல சிப்பின் விகிதம்? அது தெரியாமல் எத்தனை சிப் வரும் என்று எப்படிச் சொல்வது?

பதில்: கிளீன்ரூம்

அதுதான் கண்காணிப்பின் குருட்டுப் புள்ளி. கிரின் 9000எஸ் டை ஏறத்தாழ 107 சதுர மில்லிமீட்டர். 300 மில்லிமீட்டர் வேஃபரில் விளிம்பு கழித்து 600 டை வரை விழும். மாதம் 10,000 வேஃபர் என்று வைத்துக்கொள்ளுங்கள்: யீல்டு 50 சதவீதமானால் 30 லட்சம் சிப், 80 ஆனால் 48 லட்சம். செயற்கைக்கோள் படம் கட்டடத்தையும் துணைமின்நிலையத்தையும் காட்டும்; இந்த வித்தியாசத்தைக் காட்டாது.

ஆகவே பின்னாலிருந்து வருவார்கள். அந்த சிப் உள்ள எத்தனை போன்கள் விற்றன என்று பார்த்து, ஒரு வேஃபரில் விழும் டை எண்ணிக்கையால் வகுத்து, எத்தனை வேஃபராவது ஓடியிருக்க வேண்டும் என்று கீழ்வரம்பு ஒன்றை எடுப்பார்கள். சீன அரசுப் பணத்தில் ஓடும் ஃபேப்களின் டெண்டர் அறிவிப்புகளும் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கைகளும் இன்னொரு பக்கம் உதவும். பின்னதில் மாத வேஃபர் திறன் திட்ட அளவாக எழுதியிருக்கும். ஆனால் அது அனுமதி கேட்ட அளவு, ஓடுகிற அளவு அல்ல. இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு அறிக்கை எழுதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதுதான் வருத்தம்.