புதுப்பிப்பு: அக்டோபர் 1 ரத்ததான முகாம், இடம் மாற்றமும் சில பதில்களும்

போன வாரம் இங்கே போட்ட நாட்டு நலப்பணித் திட்ட முகாம் அறிவிப்பில் ஒரு மாற்றம். நாளும் நேரமும் அதேதான், காலை 9.30. இடம் மட்டும் முதல் மாடி செமினார் ஹால் இல்லை, கேன்டீன் பக்கத்துத் தரைத்தள ஹால். ரத்தம் கொடுத்த கையோடு படி இறங்கும்போது தலை சுற்றினால் விழுந்து அடிபடும், அதனால்தான்.

நிறைய பேர் கேட்டது: "வெறும் வயிற்றில் வரணுமா?" வேண்டவே வேண்டாம். இது ரத்தப் பரிசோதனை இல்லை. இட்லியோ பொங்கலோ வயிறாரச் சாப்பிட்டு, அரை லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். விரதம் இருப்பவர்கள் அடுத்த முகாமில் பார்த்துக்கொள்ளலாம்.

18 வயது நிரம்பி, எடை 45 கிலோவாவது இருக்க வேண்டும். அப்போது 350 மில்லி எடுப்பார்கள். 450 மில்லி பைக்கு 55 கிலோவுக்கு மேல் வேண்டும். விரல் நுனியில் குத்திப் பார்க்கும் ஹீமோகுளோபின் 12.5க்குக் குறைந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மாணவிகள் பலர் இங்கேதான் நின்றுபோவார்கள். அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு டாக்டரிடம் காட்டுங்கள். கடைசியாகக் கொடுத்து ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் ஆகியிருக்க வேண்டும். 12 மாதத்துக்குள் பச்சை குத்தியவர்களுக்கு இந்த முறை வாய்ப்பு இல்லை. இதையெல்லாம் மறைத்து எழுதாதீர்கள், ரத்தம் இன்னொருவர் உடம்புக்குப் போகிறது.

முழுக்கைச் சட்டை என்றால் முழங்கைக்கு மேல் தாராளமாக மடிக்க வர வேண்டும். முடிந்ததும் பதினைந்து நிமிடம் ஜூஸ், பிஸ்கட்டோடு உட்காருங்கள்.

ஓ.டி. (வகுப்புக்கு வராவிட்டாலும் வருகைப் பதிவு) உண்டு, ஆனால் அன்று மதியம் வரை மட்டும். மறுநாள் காந்தி ஜெயந்தி விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பும் ஹாஸ்டல்காரர்கள், பஸ்ஸில் உட்கார இடம் இருந்தால் மட்டும் ஏறுங்கள்.