மழைக்காலம் வந்தாலே செப்டிக் டேங்க் நிரம்பி வழிகிறது, இன்னொரு குழி தோண்டினால் தீருமா?

ஏரிக்கரை வாசு
கூடுவாஞ்சேரியிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு ஏரிக்குக் கீழ்ப்புறம் போட்ட மனைப்பிரிவில் தனி வீடு. பாதாளச் சாக்கடை கிடையாது. அம்மா, அப்பா, குழந்தைகள் எல்லாம் சேர்த்து ஆறு பேர் இருக்கிறோம். கோடையில் ஒரு தொல்லையும் இல்லை. ஐப்பசியில் நாலு மழை நன்றாகப் பெய்துவிட்டால் போதும், கீழ்த்தளக் கழிப்பறையில் ஃப்ளஷ் பண்ணினால் தண்ணீர் விளிம்பு வரை ஏறி நின்று அப்புறம் மெதுவாக வடிகிறது, குளியலறை ஜாலி வழியாகக் குமிழ் குமிழாக நாற்றம் மேலே வருகிறது. லாரி வைத்து எடுத்தால் ஒரு வாரம் தாங்குகிறது, மறுபடி அதே கதை. அம்மாவுக்கு முட்டிவலி, மாடிக் கழிப்பறைக்கு ஏறிப் போக முடியாது.

கட்டி முடித்த வீடாக வாங்கியது. போர்டிகோ டைல்ஸுக்கு நடுவில் டேங்க் மூடி இருக்கிறது, மதில் ஓரம் உறை இறக்கிய குழி ஒன்று. போர்வெல் அங்கிருந்து முப்பது அடி இருக்கும். மேஸ்திரி பக்கத்திலேயே பதினைந்து உறை இறக்கி இன்னொரு குழி போட்டுவிடலாம் என்கிறார். தெருவில் சிலர் ராத்திரியில் மோட்டார் போட்டு மழைநீர்க் கால்வாயில் விடுகிறார்கள், அந்த வேலையை நாங்கள் செய்ய மாட்டோம். வேறு என்ன வழி?

சிவில் செந்தில்
ஆழக் குழி வேண்டவே வேண்டாம், மேஸ்திரியிடம் முதலில் அதைச் சொல்லிவிடுங்கள்.

செப்டிக் டேங்க் எப்போதும் நிரம்பித்தான் இருக்கும், இருக்கவும் வேண்டும். கனமானது அடியில் கசடாகப் படிகிறது, எண்ணெயும் சோப்பும் மேலே ஏடாக மிதக்கிறது, நடுவில் உள்ள கலங்கல் நீர் மட்டும் 'T' வடிவக் குழாய் வழியாகக் குழிக்குப் போகிறது. எத்தனை லிட்டர் உள்ளே விழுகிறதோ அத்தனை லிட்டர் வெளியே போயாக வேண்டும். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று கணக்குப் போட்டால் உங்கள் வீட்டில் 810 லிட்டர். டேங்க் ஐயாயிரம் ஆறாயிரம் லிட்டர் பிடிக்கும் என்றால் லாரி எடுத்த ஒரு வாரத்தில் நிரம்பத்தான் செய்யும். ஆக நீங்கள் லாரிக்குக் கொடுக்கிற பணம் ஒரு வார அவகாசத்துக்கு மட்டும்தான், டேங்க் மேல் தப்பு இல்லாமலும் இருக்கலாம்.

மழைக்காலத்தில் உங்கள் பக்கம் நிலத்தடி நீர் ஏறிவிடுகிறது. ஏரிக்குக் கீழே இருக்கிறீர்கள், கேட்கவே வேண்டாம். குழியைச் சுற்றி மண் ஊறிக் கிடக்கும்போது அது எங்கே உறிஞ்சும்? பதினைந்து உறை இறக்கினால் கீழே இருக்கிற தண்ணீருக்குள்ளேயே போய் உட்காரும், உறிஞ்சுவது ஒரு பக்கம் இருக்கட்டும், வடிகட்டாத கழிவு நேராக உங்கள் போர் குடிக்கிற தண்ணீரில் கலக்கும். ஐ.எஸ். 2470 என்ற இந்தியத் தரக்குறிப்பு குடிநீர் ஆதாரத்துக்கும் உறிஞ்சு குழிக்கும் குறைந்தது 18 மீட்டர் இடைவெளி கேட்கிறது, அறுபது அடி. உங்களிடம் அதில் பாதிதான் இருக்கிறது.

அடுத்த தடவை லாரி எடுத்த உடனே அந்தக் கழிப்பறையை ஒரு ராத்திரி யாரும் பயன்படுத்தாமல், மேலே குழாய் எதையும் திறக்காமல் விட்டு, மேலே நின்றபடியே ஒரு நீளக் கழியை விட்டு மட்டம் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் மட்டம் ஏறியிருந்தால் வெளித்தண்ணீர் உள்ளே வருகிறது என்று அர்த்தம். அடித்தளம் போடாமல் வெறும் உறையை இறக்கிவிட்டு அதற்கு செப்டிக் டேங்க் என்று பெயர் வைப்பது நம் ஊரில் சர்வசாதாரணம். ஏறவில்லை என்றால் டேங்க் சரி, குழிதான் சிக்கல்.

மாடித்தோட்டம்
மொட்டை மாடி மழைக்குழாய் எங்கே போய்ச் சேர்கிறது என்று பாருங்கள். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் அதைக் கழிவுநீர் சேம்பரிலேயே சொருகி வைத்திருந்தார்கள். ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு அங்குல மழை பெய்தால் இரண்டாயிரம் லிட்டருக்கு மேல்.

வலிகாமம்
யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்களுடைய நிலம் சுண்ணாம்புக்கல், மேலே மண் கொஞ்சம்தான். மலசலகூடக் குழிக்குள் போகிறது வெடிப்புகள் வழியாக வடிபடாமலே நிலத்தடி நீருக்குப் போய்விடும். ஒவ்வொரு வளவிலும் கிணறு, ஒவ்வொரு வளவிலும் குழி. தோட்டத்துக்குப் போடுகிற பசளையும் சேர்ந்து கிணறுகளில் நைத்திரேற்று (நைட்ரேட் உப்பு) கூடிப்போனது இங்கே பழைய பிரச்சினை. அதனால் உங்கள் கழிப்பறையை விட உங்கள் போர்வெல்தான் எனக்குக் கவலை. தண்ணீர் தெளிவாக இருக்கும், மணம் இருக்காது, ருசியும் மாறாது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஆனால் நைத்திரேற்று போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறிவாகும். கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கிற வீடு என்றால் கட்டாயம் சோதித்துப் பாருங்கள்.

சிவில் செந்தில்
சரியாகச் சொன்னீர்கள். இந்தியக் குடிநீர்த் தரத்தில் நைட்ரேட்டுக்கு லிட்டருக்கு 45 மில்லிகிராம்தான் எல்லை. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிப் பார்க்கலாம். மலக்கழிவு கலந்திருக்கிறதா என்று காட்டுகிற கோலிஃபார்ம் பாக்டீரியா சோதனையும் சேர்த்துக் கேளுங்கள்.

தோழி கயல்
லாரி பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கசடு இறுகிப் போயிருந்தால் குழாய் இழுக்காது, அப்போது "ஒரு ஆள் இறங்கிக் கிளறிவிட்டால் முடிந்துவிடும், ஐந்நூறு சேர்த்துக் கொடுங்கள்" என்பார்கள். சம்மதிக்கவே சம்மதிக்காதீர்கள். உள்ளே ஹைட்ரஜன் சல்ஃபைடு நிற்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, இறங்கியவர் மயங்கி விழுவார், தூக்கப் போனவரும் விழுவார். அப்பாவும் மகனுமாக, அண்ணனும் தம்பியுமாகச் செத்த செய்திகளை எத்தனை முறை படித்துவிட்டோம்! கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013 சட்டப்படி பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவது குற்றம், இப்படி இறந்தவர் குடும்பத்துக்கான இழப்பீட்டை 2023இல் உச்ச நீதிமன்றம் 30 லட்சமாக உயர்த்தியது. எந்தப் பணம் வந்தாலும் போன உயிர் வரப்போவதில்லை. தண்ணீரைப் பீய்ச்சிக் கரைத்து இழுக்கச் சொல்லுங்கள், முடியாது என்றால் வேறு வண்டியைக் கூப்பிடுங்கள். 14420 என்ற உதவி எண் இதற்காகவே இருக்கிறது.

எடுத்ததை எங்கே கொட்டுகிறார்கள் என்றும் கேளுங்கள். உங்கள் மாவட்டத்திலேயே கருங்குழியில் 2017 முதல் கசடு சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. கேட்காமல் விட்டால் அது உங்கள் ஏரிக்கே திரும்பி வரும்.

ஏரிக்கரை வாசு
எல்லோருக்கும் நன்றி. உரிமம் உள்ள வண்டியாகப் பார்த்துக் கூப்பிட்டு எடுத்து, கழியில் குறித்து வைத்துப் பார்த்தோம். காலையில் மட்டம் ஏறவில்லை, கழியில் ஈரத்தடம் போட்ட கோட்டிலேயே நின்றது. ஆனால் மதில் ஓரக் குழியைத் திறந்தால் ஒரு கைப்பிடி ஆழத்தில் தண்ணீர் தளும்புகிறது. மழைக்குழாய் தனியாகத்தான் போகிறது. வாஷிங் மெஷின், குளியல், ஆர்.ஓ. வெளியேற்றும் தண்ணீர் எல்லாமே டேங்குக்குள் வருகிறது. போர்த் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்திருக்கிறோம், அதுவரை குடிக்கவும் சமைக்கவும் கேன். பின்பக்கம் பத்துக்கு இருபது அடி இடம் சும்மா கிடக்கிறது, அதை ஏதாவது செய்ய முடியுமா?

சிவில் செந்தில்
முடியும். முதலில் கழிப்பறை தவிர மற்ற நீரைப் பிரித்துவிடுங்கள், பாதிக்கு மேல் சுமை குறையும். சமையலறைத் தண்ணீருக்கு மட்டும் எண்ணெய் பிடிக்கிற சின்னத் தொட்டி ஒன்று கட்டி, அந்த ஏட்டை அவ்வப்போது அள்ளிவிட வேண்டும். குளித்த, துவைத்த நீரைக் கல்வாழைப் பாத்திக்கு விடுங்கள், வாழையும் வைக்கலாம். தேங்கவிடாதீர்கள், கொசு.

கழிப்பறை நீருக்குப் பின்பக்க இடத்தில் குழி தோண்டாமல் மேடு போட வேண்டும். நிலத்தடி நீர் ஆறடிக்குள் வருகிற இடத்தில் தரக்குறிப்பே அதைத்தான் சொல்கிறது: தரைக்கு மேலே மணல் மேடு, அதற்குள் ஜல்லி பரப்பி ஓட்டை போட்ட குழாய். மண்ணின் மேல் ஓரடி இரண்டடியில்தான் காற்றும் நுண்ணுயிரும் இருக்கிறது, கழிவு நிஜமாகச் சுத்தமாவது அங்கேதான். டேங்க் மட்டம் தாழ்வு என்பதால் சின்ன பம்ப் தேவைப்படும், கரண்ட் போனால் நிற்கும், அதைக் கணக்கில் வையுங்கள். போரிலிருந்து இந்த இடம் எவ்வளவு தூரம் என்று டேப் வைத்து அளந்து சொல்லுங்கள், அறுபது அடிக்குக் குறைவு என்றால் இந்த யோசனையையே விட்டுவிட்டு வேறு பார்ப்போம். பழைய குழியை மூட இப்போது அவசரப்படாதீர்கள், தை மாதம் தண்ணீர் இறங்கட்டும். மேட்டின் மேல் புல் மட்டும் போதும், மரம் வைத்தால் வேர் குழாயை அடைத்துவிடும், காரும் ஏறக்கூடாது.