புதுப்பிப்பு: மாமாவின் கஃப்லிங்க் ஒருவழியாகக் கையேறியது

கனடா மாமா தந்த கஃப்லிங்கை (சேர்ட்டின் கைமுனையைத் தெறிக்குப் பதிலாகப் பூட்டும் சோடி) அண்ணாவின் கலியாண வரவேற்புக்குப் போட ஆசை, ஆனால் சேர்ட்டில் சாதாரண தெறிதான் இருக்கிறது, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். மடிகை (கைமுனையை இரண்டாக மடித்துப் போடுவது) வைத்த சேர்ட் வாங்கு என்றுதான் பலரும் சொன்னீர்கள். வாங்கவில்லை.

இருந்த வெள்ளைச் சேர்ட்டையே கிளிநொச்சியில் தைக்கிற அண்ணையிடம் கொண்டுபோனேன். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, “தம்பி, இது தோடோ?” என்றார். விளக்கியதும் தெறியைக் கழற்றி, அந்த இடத்திலேயே இன்னொரு ஓட்டை போட்டு, கையாலேயே சுற்றித் தைத்தார். வலது கையில் ஓட்டை கொஞ்சம் கீழே இறங்கிவிட்டது. எனக்கு மட்டும்தான் தெரியும்.

போடும் விதத்தில்தான் விசயம் இருக்கிறது. தெறி பூட்டும்போது ஒரு விளிம்பு மற்றதன் மேல் ஏறும். கஃப்லிங்குக்கு அப்படியில்லை, இரண்டு விளிம்பும் கும்பிடும் கைகளைப் போல உட்பக்கம் சேர்ந்து நிற்க வேண்டும். கம்பியை நான்கு துணி மடிப்பிலும் நுழைத்து... இல்லை, அது மடிகைக்கு. எனக்கு இரண்டு ஓட்டைதான். நுழைத்துப் பின்பக்கக் குச்சியைக் குறுக்கே திருப்பினால் சரி. இடது கை சுலபம். வலது கைக்கு அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார்.

மண்டபத்தில் கோட்டின் கை நீளம், ஒன்றும் வெளியே தெரியவில்லை. வன்னி வெக்கைக்குக் கோட்டைக் கழற்றிய பிறகுதான் மாமா கண்டார். சாப்பாட்டுக்கு முன் இரண்டையும் கழற்றிப் பொக்கற்றில் போட்டேன். சொதியில் தோய்க்க மனம் வரவில்லை.