பாப்புலிசத்துக்குத் தமிழ்: ஹூயி லாங்கை உரைகல்லாக வைத்து

அன்பு நண்பர்களுக்கு,

'பாப்புலிசம்' (populism) என்ற அரசியல் சொல்லுக்கு நம் கலைச்சொல் பட்டியலில் தமிழ் தேடும்போது எழுந்த கேள்வி இது:

> 'கவர்ச்சி அரசியல்' என்றாலே நாளிதழ் வாசகருக்குப் புரிந்துவிடுகிறதே?

பாதிதான் புரிகிறது. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தை ஆண்ட ஹூயி லாங்கை இந்தச் சொல்லோடு பொருத்திப் பாருங்கள். 1928-ல், 34 வயதில் ஆளுநரானார் (அங்கே ஆளுநர்தான் ஆட்சி நடத்துபவர்). பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசப் பாடநூல், கடன் பத்திரம் விற்றுச் சாலைகள், பாலங்கள். இதுவரை 'கவர்ச்சி' ஒட்டும்.

1929-ல் சுத்திகரிக்கும் எண்ணெய்க்குப் பீப்பாய்க்கு 5 சென்ட் வரி போட முனைந்தார். ஸ்டாண்டர்ட் ஆயில் என்ற எண்ணெய்க் கம்பெனி எதிர்த்தது. மாநிலச் சட்டமன்றத்தின் கீழவை அவர்மேல் பதவிநீக்கக் குற்றச்சாட்டுகளை நிறைவேற்றி மேலவைக்கு அனுப்பியது. மேலவையில் 39 பேர். நீக்க மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 26 வாக்கு வேண்டும். தடுக்க 14 பேர் போதும். எந்தச் சான்று வந்தாலும் நீக்கத்துக்கு வாக்களிக்க மாட்டோம் என்று 15 பேரிடம் கையெழுத்து வாங்கிவிட்டார். விசாரணை அத்தோடு முடிந்தது.

இதில் இலவசம் எங்கே இருக்கிறது? ஒரு பக்கம் மக்கள், எதிர்ப்பக்கம் எண்ணெய்க் கம்பெனி, மக்களின் குரல் லாங் மட்டுமே என்ற பிரிப்பு இருக்கிறது. சொல்லில் வரவேண்டியது அதுதான். 'ஜனரஞ்சகவாதம்' மகிழ்விப்பதைச் சொல்கிறது, 'வெகுஜனவாதம்' எண்ணிக்கையைச் சொல்கிறது. இரண்டிலும் எதிர்த்தரப்பு தெரியவில்லை. என் முன்மொழிவு: 'மக்கட்பெயரியம்', மக்களின் பெயரால் நடத்தும் அரசியல்.

---

> 'மக்கட்பெயரியம்'

ஐயா, விளக்கம் சரி, சொல் சரிப்படாது. வாய்விட்டுச் சொன்னால் 'மக்கட்பேறு' என்றே காதில் விழும். அது பிள்ளைப்பேறு.

இதைவிடப் பெரிய குறை ஒன்று. பாப்புலிஸ்ட் என்பது முதலில் வசைச்சொல் அல்ல. 1892-ல் அமெரிக்காவின் ஓமாஹா நகரில் மாநாடு கூட்டிய மக்கள் கட்சிக்காரர்களின் பெயர் அது. பருத்தியும் கோதுமையும் விளைவித்துக் கடனில் மூழ்கிய உழவர்கள். ரயில்வேயை அரசு ஏற்கவேண்டும், வருமானம் ஏற ஏற வரிவிகிதமும் ஏறவேண்டும் என்று கேட்டார்கள். லாங் 1893-ல் பிறந்த வின் பாரிஷ் (லூசியானாவில் மாவட்டத்தைப் பாரிஷ் என்பார்கள்) அக்கட்சிக்குச் செல்வாக்கு மிகுந்த இடம். அந்த உழவர்களை 'மக்கள் பெயரைச் சொல்லி அரசியல் நடத்தியவர்கள்' என்று அகராதி எழுதினால் அநியாயம்.

'மக்களியம்' போதும். பெண்ணியம், தலித்தியம் போன பாதையிலேயே போகிறது. மக்களியர், மக்களியக் கட்சி, மக்களியப் பேச்சு என்று இடறாமல் கிளைக்கிறது. 1892-க்கும் பொருந்தும், லாங்குக்கும் பொருந்தும்.

---

> 'மக்களியம்' போதும்

ஏற்கிறேன், ஒரு நிபந்தனையோடு. சொல் நடுநிலையாக இருக்கட்டும்; விளக்கத்தில் நிழலையும் எழுதவேண்டும். லாங் ஆட்சியில் மாநில ஊழியர் சம்பளத்தில் ஒரு பங்கு அவருடைய அரசியல் செலவுக்குப் போனது. அந்தப் பணம் சேர்ந்த பெட்டியை 'டிடக்ட் பாக்ஸ்' (deduct box) என்றார்கள். 1935 செப்டம்பரில் மாநிலத் தலைநகர் பேட்டன் ரூஜில் சட்டமன்றக் கட்டடத்தில் சுடப்பட்டு இரண்டு நாளில் அவர் இறந்தபின் பெட்டி அகப்படவே இல்லை. இதற்கு 'கழிவுப் பெட்டி' என்று பட்டியலில் இருப்பதை உடனே எடுத்துவிடுங்கள், குப்பைத்தொட்டி என்று படிப்பார்கள். சம்பளச் சீட்டில் நாளும் புழங்கும் 'பிடித்தம்' இருக்கிறதே! வெறும் பிடித்தம் என்றால் வருங்கால வைப்புநிதி போலச் சட்டப்படியானதாகத் தோன்றும். ஆகவே 'கட்சிப் பிடித்தம்', 'கட்சிப் பிடித்தப் பெட்டி'.

பதிவுக்கு என் வரைவு:

மக்களியம் (பெ.): சமூகத்தை மக்கள், மேட்டுக்குடி என இரண்டாகப் பிரித்து, மக்களின் விருப்பமே அரசியலின் ஒரே நியாயம் என்று கொள்ளும் போக்கு. தலைவர் ஒருவர் அந்த விருப்பம் தன்னுடையதே என்று உரிமை கொண்டாடுவதும் உண்டு.

எடுத்துக்காட்டு: பெருஞ்செல்வத்துக்கு உச்சவரம்பு வைத்துக் குடும்பத்துக்கு 5,000 டாலர் தருவதாக 1934-ல் ஹூயி லாங் அறிவித்த 'செல்வத்தைப் பகிர்வோம்' திட்டம் மக்களியத் திட்டம்.